கொங்குக்கென்று ஒரு சேனல் முதலாளி இருந்தால் நம் செய்தி வெளியே வந்துவிடுமா?

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். டிவி, பேப்பர் முதலாளிகள்தான் நம்மை யார் ஆள வேண்டும் என்று முடிவு செய்கிறார்களா? கொங்கு மண்டலத்துக்கென்று அப்படி ஒரு பெரிய முதலாளி இல்லாததால்தான் நம் தறிக்கூலி, நொய்யல், சாயத்தண்ணீர் எதுவுமே சென்னைக்குக் கேட்பதில்லையா? இரண்டுக்கும் என் பதில் "இல்லை"தான். ஆனால் அந்த இரண்டு "இல்லை"யும் வேறு வேறு காரணத்தால். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் கேள்விக்குக் கோவை மாவட்டமே போதுமான சாட்சி. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அதன்பின் இருபது வருடத்துக்கு நம் ஊர் வீடுகளில் சாயங்காலம் ஆனால் வேறு எந்த சேனலும் ஓடியதாக எனக்கு நினைவில்லை, அவ்வளவு ஆழமாக உள்ளே வந்த ஒரு நிறுவனம் அது. 2011 சட்டமன்றத் தேர்தலின்போது சன் குழுமம், கலைஞர் டிவி, தினகரன், முரசொலி எல்லாமே திமுகவுக்கு அனுசரணையாக இருந்தன. முடிவு என்ன ஆனது? மாநிலம் முழுக்க திமுகவுக்கு 23 இடம், கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அதிமுக அணிக்கு. 2016-இல் பத்தில் ஒன்பது அதிமுகவுக்கு, சிங்காநல்லூர் மட்டும் தப்பியது. 2021-இல் மாநிலமே திமுக பக்கம் சாய்ந்தபோதும் கோவையின் பத்தும் அதிமுக, பாஜக கூட்டணிக்கே போயின. ஒரே வீட்டில் ராத்திரி சீரியல் ஒரு முதலாளியுடையது, காலையில் குத்தும் ஓட்டு இன்னொரு கட்சிக்கு. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாத ஜனங்கள் நம் ஜனங்கள்.

அதற்காக டிவிக்கு ஓட்டில் சக்தியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1995-இல் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் நடந்த விதத்தை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள், அடுத்த வருடம் அந்த அம்மாவே பர்கூரில் தோற்றார். 2001 ஜூன் 30 விடியலுக்கு முன்னால் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது, ஜெயா டிவி தன் பங்குக்கு வேறொரு கோணத்தைப் போட்டது. அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் 1996-இல் கோபம் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது, டிவி அதற்கு ஒரு முகம் கொடுத்தது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. இத்தாலியில் பெர்லுஸ்கோனி மூன்று தேசிய சேனல்களைக் கையில் வைத்துக்கொண்டு 1994-இல் புதிதாகக் கட்சி தொடங்கி, சில மாதங்களிலேயே பிரதமர் ஆனவர். அவருடைய சேனல்கள் 1985-க்கு முன்பே கிடைத்துவிட்ட ஊர்களில் அவர் கட்சிக்குச் சற்றே கூடுதல் ஓட்டு விழுந்தது என்று இத்தாலியப் பொருளாதார ஆய்வாளர்கள் 2019-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆரம்ப வருடங்களில் அந்த சேனல்களில் செய்தியே கிடையாது. ஆட்டம் பாட்டம், படம், சீரியல்தான். பாதிப்பு இருக்கிறது, மெதுவாக நடக்கிறது, நாம் நினைக்கிற வழியில் நடப்பதில்லை. பிரிட்டனில் மர்டாக்கின் 'தி சன்' 1992-இல் கன்சர்வேடிவ் கட்சியை ஜெயிக்க வைத்ததே தாங்கள்தான் என்று முதல் பக்கத்திலேயே மார்தட்டியது. 1997-இல் அதே பத்திரிகை எதிர்முகாமில் டோனி பிளேருக்காக நின்றது. ஜெயிக்கிற குதிரை எது என்று பார்த்து அதன் பக்கம் போய் நிற்பதும் ஒரு தொழில்தான்.

அப்படியானால் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி ஏன் சேனல் நடத்துகிறார்கள்? ஓட்டுக்காக அல்ல, பேரத்துக்காக. பேரம் இரண்டு விஷயத்தின் மேல் நடக்கிறது. வீட்டுக்கு வரும் ஒயர் யார் கையில், எந்தச் செய்தி வராமல் போகும் என்பது யார் கையில். முதலாவதைக் கொங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் தெருவிலேயே நடந்தது.

ஊர் கேபிள்காரரை நினைத்துப் பாருங்கள். முந்நூறு, நானூறு கனெக்‌ஷன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு மின்கம்பம், அந்தப் பக்கம் ஒரு தென்னை மரம், இடையில் கருப்பு ஒயர். மாசம் பிறந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வசூல். மாரியம்மன் நோம்பி வந்தால் லோக்கல் சேனலில் பூச்சாட்டிலிருந்து மஞ்சள் நீர் வரை லைவ். அவர் ஊருக்குள் பெரிய மனுஷன்தான், ஆனால் மேலே சிக்னல் கொடுப்பவரை எதிர்த்து அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. சிக்னலை நிறுத்தினால் அன்றைக்கு ராத்திரியே முந்நூறு வீட்டிலிருந்தும் போன் வரும், மறுநாள் போட்டிக்காரன் ஒயரை இழுத்துவிடுவான். சன் குழுமத்திடம் சேனலும் இருந்தது, சிக்னல் கொடுக்கும் சுமங்கலி கேபிளும் இருந்தது, 2005-இல் தினகரனும் சேர்ந்தது. 2004 முதல் 2007 வரை தொலைத்தொடர்புத் துறையின் மத்திய அமைச்சராக இருந்தவர் அதே முதலாளி கலாநிதி மாறனின் தம்பி தயாநிதி மாறன், இருவரும் கருணாநிதியின் அக்காள் வழிப் பேரன்கள். இதைவிடக் கெட்டியான ஒரு பிடியை எங்கே பார்க்க முடியும்? இந்தப் பிடிக்கு அடுத்த கட்சியும் பயந்தது. 2006 ஆரம்பத்தில் ஜெயலலிதா அரசு கேபிள் விநியோகத்தை அரசே எடுத்துக்கொள்ளச் சட்ட மசோதா கொண்டுவந்தது, தேர்தலில் ஆட்சி மாறியதும் அது அப்படியே நின்றது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கருணாநிதிக்குப் பிறகு யார் என்று தினகரனில் கருத்துக்கணிப்பு வந்தது, 2007 மே 9 அன்று மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது, மூன்று ஊழியர்கள் செத்தார்கள். தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பரில் கலைஞர் டிவி, அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம். கோவை, தஞ்சாவூர், நெல்லை, வேலூரில் கட்டுப்பாட்டு அறைகள் அமைத்தார்கள். மக்களுக்குக் குறைந்த விலையில் கேபிள் என்று சொல்லித் தொடங்கினார்கள், நம் ஊர் ஆபரேட்டர்களில் பலர் நம்பி அந்தப் பக்கம் போகத் தயாரானார்கள். 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. "இதயம் இனித்தது, கண்கள் பனித்தன" என்றார் கருணாநிதி. அதோடு அரசு கேபிள் படுத்துவிட்டது. அதன் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், ஃபைபர் ஒயர்கள் வெட்டப்பட்டதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர். 2010-இல் வேறொரு காரணம் சொல்லி அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு குடும்பத்துக்குள் சண்டை வந்தால் ஒரு அரசு நிறுவனம் பிறக்கிறது, சமாதானம் ஆனால் அது மூச்சு விடுவதை நிறுத்துகிறது. நம்பிப் போன கேபிள்காரர் நடுவில் நின்றார். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதே நிறுவனத்தை எழுப்பி உட்கார வைத்தார், மாசம் 70 ரூபாய். ஆரம்பத்தில் அதில் சன் டிவி இல்லை. சீரியல் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் சுவரில் டிஷ் மாட்டிக்கொண்டார்கள், அந்த டிஷ்ஷும் பல வீடுகளில் அதே குழுமத்தின் சன் டைரக்ட். ஒயர் இப்போது அரசாங்கத்தின் கைக்கு மாறியிருந்தது. தனியார் கையிலிருந்து அரசு கைக்குப் போனால் நல்லதுதானே என்று அப்போது நிறையப் பேர் நினைத்தார்கள். பதில் 2018 ஜூனில் நம் கோவையிலேயே கிடைத்தது. புதிய தலைமுறை சேனல் பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் வட்டமேசை விவாதம் நடத்தியது, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். பேச்சு சூடானது, கூச்சல், தள்ளுமுள்ளு. பேசிய இயக்குநர் அமீர் மேலும் காங்கேயம் எம்எல்ஏ தனியரசு மேலும் மட்டுமல்ல, நிகழ்ச்சியை நடத்திய சேனல் மேலும் அதன் நிருபர் மேலும் சேர்த்து வழக்குப் போட்டது போலீஸ். அதே நாட்களில் அரசு கேபிளில் அந்த சேனலின் எண் யாரும் தேடிப் போகாத இடத்துக்குப் பின்தள்ளப்பட்டது. தடை இல்லை, உத்தரவு இல்லை, எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ரிமோட்டில் வழக்கமான எண்ணை அழுத்தினால் வேறு ஏதோ வருகிறது, அவ்வளவுதான்.

மத்தியில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். 2014-இல் சன் குழுமத்தின் கேபிள் நிறுவனத்துக்கு உள்துறை பாதுகாப்பு அனுமதி தர மறுத்து, உரிமத்தையே ரத்து செய்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம்தான் அந்த ரத்தை ரத்து செய்தது. ஆக, முதலாளி அரசை ஆட்டிவைக்கிறார் என்பது பாதி உண்மை. அவர் கழுத்திலும் அரசு ஒரு கயிறு போட்டிருக்கிறது.

அந்தக் கயிறு முதலாளியின் மற்ற தொழில்கள் வழியாகத்தான் போகிறது, இதைத்தான் நான் எல்லோரையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். புதிய தலைமுறையை நடத்துவது எஸ்ஆர்எம் கல்விக் குழுமம். அதன் நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சிக்கும் நிறுவனர். 2014-இல் பாஜக அணி, 2019-இல் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூர் எம்பி, 2021-இல் கமல்ஹாசனோடு, 2024-இல் மறுபடி பாஜக அணி. இத்தனைக்கும் நல்ல செய்தியாளர்கள் வேலை பார்த்த, பார்க்கிற சேனல் அது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகம் நடத்துகிறவருக்கு மத்திய அரசின் தயவும் வேண்டும், மாநில அரசின் தயவும் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். 2014-இல் ரிலையன்ஸ் நெட்வொர்க் 18-ஐ வாங்கியதும், 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி கைக்குப் போனதும் செய்தித் தொழிலில் கொழுத்த லாபம் கிடைக்கும் என்பதற்காக என்று நான் நம்பவில்லை. துறைமுகம், மின்சாரம், தொலைபேசி என்று அரசின் கையெழுத்தை நம்பி ஓடும் தொழில்களுக்கு ஒரு சேனல் வைத்திருப்பது தோட்டத்துக்குக் கம்பி வேலி போடுவது மாதிரி. வேலியில் விளைச்சல் எடுக்க யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. கொங்குக்கு முதலாளியே இல்லை என்பது முதலில் உண்மையா? சேலத்தைக் கொங்கில் சேர்ப்பீர்கள் என்றால் (நான் சேர்ப்பேன்) பாலிமர் சேலத்தில் கேபிள் தொழிலிலிருந்து முளைத்து மாநிலம் முழுக்கப் போன சேனல்தான். கோவை அவிநாசி சாலையில் நாம் தினமும் இறங்கி ஏறும் நவ இந்தியா ஸ்டாப், அங்கிருந்து வெளிவந்த நாளிதழின் பெயரால் வந்தது. பேப்பர் போய்விட்டது, ஸ்டாப் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஈரோடு இருக்கிறது. 1925 மே 2 அன்று அங்கிருந்து குடிஅரசு வார இதழ் வந்தது. அதை நடத்தியவர் ஊரின் பெரிய வியாபாரக் குடும்பத்து மனிதர், சொந்தப் பணம், சொந்த அச்சகம், சொந்த அரசியல், எல்லாம் வெளிப்படை. பெரியாரை விட அரசியல் செல்வாக்கு உள்ள பத்திரிகை முதலாளி இந்த மண்ணில் பிறக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். 1933-இல் "இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?" என்று எழுதினார், வெள்ளைக்கார அரசு அதற்காக அவரைச் சிறையில் போட்டது. ஈரோட்டில் அவரிடம் விடுதலையிலும் குடிஅரசிலும் வேலை பார்த்த அண்ணா முதலமைச்சர் ஆனார், குடிஅரசில் துணை ஆசிரியராக இருந்த கருணாநிதியும் ஆனார். தினத்தந்தி நிறுவனர் ஆதித்தனாரும் தனிக் கட்சி தொடங்கியவர்தான், 1967-இல் சபாநாயகர் ஆனவர்தான். ஆக, பத்திரிகை முதலாளி அரசியல் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. குடிஅரசை எடுத்துப் படித்தவருக்கு இது யாருடைய குரல், எதற்காக எழுதுகிறது என்பது முதல் வரியிலேயே தெரியும். அரசாங்கத்திடம் டெண்டரோ லைசென்ஸோ கேட்டு நின்ற கை அல்ல அது. இன்றைக்கு "நடுநிலை" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்தான் எனக்குப் பயம்.

இப்போது உங்கள் தறிக்கு வருவோம். நாளைக்கே கோவையிலோ திருப்பூரிலோ ஒரு பெரிய பணக்காரர் சேனல் தொடங்குகிறார் என்று வையுங்கள். அவர் யாராக இருப்பார்? ஸ்பின்னிங் மில், பனியன் ஏற்றுமதி, மருத்துவமனை, இன்ஜினியரிங் கல்லூரி, ரியல் எஸ்டேட், இதில் ஒன்றோ ஐந்துமோ. தறிக்கூலியை உயர்த்தச் சொல்லும் செய்தியை ஜவுளி உற்பத்தியாளரின் சேனல் எப்படிப் போடும்? இப்போதே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாலுகா நிருபர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்தில் கமிஷன். காலையில் ஒரு மில்லின் கழிவுநீர் ஓடைக்குள் விடப்படுவதாக ஊர்க்காரர்கள் போன் செய்வார்கள். பொங்கல் மலருக்கு, தீபாவளி மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கேட்டு மதியம் அவர் போய் உட்கார வேண்டிய ஆபீஸும் அதே மில்லின் ஆபீஸ். அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த ஏற்பாட்டின் மேல்தான். செய்தி அப்படியே வராமல் போவதில்லை, பல்லைப் பிடுங்கிவிட்டு வரும். தவறான சிகிச்சையில் ஒருவர் இறந்துபோனால் "கோவையில் உள்ள பிரபல தனியார் மருத்துவமனை" என்று போடுவார்கள். சைக்கிள் திருடியவனுக்குப் பெயர், வயது, ஊர், தெரு எல்லாம் இருக்கும், மருத்துவமனைக்குப் பெயர் இருக்காது. முதலாளி சென்னைக்காரரா, மதுரைக்காரரா, நம் சொந்தக்காரரா என்பதால் அந்த வரி மாறப்போவதில்லை.

இதோடு எடிஷன் என்று ஒன்று இருக்கிறது. திருப்பூர்ச் செய்தி திருப்பூர்ப் பக்கத்தில் நன்றாகவே வரும், படத்தோடு வரும், நாமும் நம் செய்தி வந்துவிட்டது என்று திருப்தி ஆகிவிடுவோம். அந்தப் பக்கம் சென்னைக்குப் போகாது, ஏன், பக்கத்தில் திருச்சிக்கே போகாது. 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் நின்றன. சோமனூர், பல்லடம், அவிநாசி எல்லாம் தறிச் சத்தமே இல்லாமல் கிடந்தது. அதைப் பற்றி எத்தனை ராத்திரி எட்டு மணி விவாதம் பார்த்தீர்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தை எதற்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யும் உரிமைதான் முதலாளியின் நிஜமான சொத்து.

நொய்யலையும் கேட்டிருந்தீர்கள். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி, சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர்த் தொட்டியாக ஆனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த உத்தரவு வரை விடாமல் போராடியது எந்த சேனலும் அல்ல, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். வக்கீல் வைத்து, தண்ணீர் சோதனை அறிக்கைகளோடு, வருடக்கணக்காக நடந்தார்கள். சேனல்கள் தீர்ப்பன்று வந்தன. முதலாளியைத் தேடிக்கொண்டு போகாமல் ஆவணத்தைச் சேர்த்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். உங்கள் சங்கத்துக்கும் நான் சொல்லக்கூடியது அதுதான்.

சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். மாநில அரசும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும் பரிந்துரைத்தது. ஒரே கையில் பல ஊடகங்கள் குவிவதைக் கட்டுப்படுத்த 2014 ஆகஸ்டில் விரிவான அறிக்கையும் கொடுத்தது. எந்தக் கட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை, ஏனென்றால் எல்லாக் கட்சிக்கும் ஏதோ ஒரு சேனல் இருக்கிறது அல்லது ஒரு சேனல் முதலாளியின் நட்பு இருக்கிறது. பத்திரிகைகளுக்கு மட்டும் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருடா வருடம் மார்ச் தொடக்கத்து இதழில், படிவம் 4 என்ற தலைப்பில், எறும்பு சைஸ் எழுத்தில் உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று போடுவார்கள். பழைய பேப்பர் கட்டை எடைக்குப் போடும் முன் அதைத் தேடிப் படித்துப் பாருங்கள். அங்கே வரும் பெயர்களுக்கு வேறு என்னென்ன தொழில் இருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பேப்பரில் எது வராது என்று பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இப்போது கோபி, அந்தியூர் பக்கமெல்லாம் கேபிள் பாக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஃபோனிலும் ஃபைபர் கனெக்‌ஷனிலும் பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். இனி எந்த முதலாளியும் நம்மைக் கட்டுப்படுத்த முடியாது, யூடியூப் இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு வரும் ஜியோ ஒயர் ரிலையன்ஸுடையது. அதில் ஓடும் நியூஸ் 18 தமிழ்நாடு ரிலையன்ஸுடையது. 2024 நவம்பரில் டிஸ்னியோடு இணைந்தபின் விஜய் டிவியும் கிரிக்கெட்டும் அதே குடையின் கீழ். சேனலும் ஒயரும் ஒரே கையில் இருந்ததைத்தான் 2007-க்கு முன்னால் நம் தெருவில் பார்த்தோம். அன்றைக்கு அந்தக் கை சென்னையில் இருந்தது, கேபிள்காரர் சங்கம் வைத்துப் போய்க் கதவைத் தட்டவாவது முடிந்தது. இன்றைக்கு அது மும்பையில் இருக்கிறது.